ஓட்டுப்போட முடியாத பட்ஜெட்... கேள்வி கேட்டே அரசைத் திணறடித்த சத்தியமூர்த்தி!

அரூர் பஸ் ஸ்டாண்டில் மொரப்பூர் பஸ்ஸுக்காக நின்னிருக்கீங்களா? ரயிலைப் பிடிக்கணும்னா நமக்கு மொரப்பூர்தான். சென்னைக்கோ கோவைக்கோ வேலை தேடிப் போறவங்க, ராணுவ ஆள்சேர்ப்புக்குக் கிளம்புற பசங்க, எல்லாரும் அந்த பஸ்ஸில்தான் ஏறணும்.

அதே மொரப்பூரிலிருந்து 1906-ல் தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் ஓட ஆரம்பித்தது. பிறகு அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வேண்டும் என்பதற்காகப் போட்ட குறுகிய பாதை அது. 1941-ல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்த ரயிலை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். அப்போது தர்மபுரி தனி மாவட்டம்கூட இல்லை, சேலத்தோடு சேர்ந்திருந்தது. எங்களைக் கேட்காமல் எப்படி எடுத்தீங்கன்னு டெல்லியில் யாராவது எழுந்து நின்று கேட்டிருக்கணும் இல்லையா?

அப்படிக் கேட்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த ஒருவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆனால், அவையில் இல்லை. அவர் பெயர் எஸ்.சத்தியமூர்த்தி. சென்னையில் காங்கிரஸ் அலுவலகத்துக்கு சத்தியமூர்த்தி பவன் என்று பெயர் இருக்கே, அவரேதான். அந்தக் கட்டடத்தின் பெயரை நியூஸில் நூறு முறை கேட்டிருப்பீங்க. மனுஷரைப் பத்தித் தெரிஞ்சுக்குவோமா?

திருமயத்திலிருந்து டெல்லிக்கு

1887 ஆகஸ்ட் 19. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த திருமயத்தில் பிறந்தார். அப்பா வக்கீல். பையன் படித்து முடிப்பதற்குள்ளேயே அவர் இறந்துவிட்டார். தம்பி தங்கைகள், அம்மா என்று குடும்பப் பாரம் மூத்த பிள்ளையின் தலையில் விழுந்தது. வீட்டுக்கு மூத்த பிள்ளையா பொறந்தவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும்.

புதுக்கோட்டையில் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அப்புறம் சட்டக் கல்லூரி. வக்கீலாகி, அன்றைய பெரிய வக்கீலான எஸ்.சீனிவாச ஐயங்காரிடம் வேலை பழகினார். நாடக மேடை ஏறினார், சங்கீதக் கச்சேரிகளுக்கு ஓடினார். சினிமா என்றாலே பெரிய மனிதர்கள் முகம் சுளித்த காலத்தில், அது நாளைக்குப் பெரிய ஊடகமாகும் என்று நம்பி சினிமாக்காரர்களோடு கைகோத்தார். கணீர் குரல். தமிழிலும் ஆங்கிலத்திலும் மடை திறந்த மாதிரி பேசுவார்.

1923-ல் சென்னை மாகாண சட்டசபைக்குப் போனார். அங்கே ஏழு வருஷம் கேள்வி கேட்டுப் பழகினார். 1934-ல் டெல்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. சென்னை நகரத் தொகுதியில் நீதிக்கட்சியின் பெரிய தலை ஏ.ராமசாமி முதலியாரைத் தோற்கடித்தார். பூலாபாய் தேசாய் அவையில் காங்கிரஸ் கட்சியின் தலைவர், சத்தியமூர்த்தி துணைத்தலைவர்.

ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்தத் தேர்தலில் இந்தியா முழுக்க ஓட்டுரிமை இருந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர்தான். சொத்து இருக்கணும், வரி கட்டணும். அரூர் பக்கம் கூலிக்குக் களை எடுத்த உங்க கொள்ளுப்பாட்டிக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

ஜெயிச்சாலும் தோல்விதான்!

அந்தச் சட்டசபை எப்படிப்பட்டது தெரியுமா? அங்கே அமைச்சர் என்று இன்று நாம் சொல்கிற ஆட்கள் கிடையாது. வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள்தான் துறைகளை நடத்தினார்கள். அவர்களை அவை ஓட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்ப முடியாது. உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து நிதி மசோதாவைத் தோற்கடித்தால், வைஸ்ராய் ஒரு கையெழுத்தில் அதைச் சட்டமாக்கிவிடுவார். 1935-ல் தொடங்கி வருஷா வருஷம் இதே கதை.

ராணுவச் செலவு இன்னும் மோசம். வருஷத்துக்கு ஏறத்தாழ 45 கோடி ரூபாய். மத்திய அரசின் செலவில் கிட்டத்தட்டப் பாதி. அந்தத் தொகையின் மேல் அவை ஓட்டே போடக் கூடாது என்று சட்டமே சொன்னது. பணம் நம்மளுது. ஒரு ரூபாயைக் குறைக்கச் சொல்லும் உரிமை மட்டும் நமக்கு இல்லை.

தலைமைத் தளபதி வேறு சபையில் உட்கார்ந்திருந்தார். சத்தியமூர்த்தி இருந்த சபையில் பதில் சொல்ல வந்தவர் ராணுவத் துறைச் செயலாளர். நிதிக்குப் பொறுப்பு, காங்கிரஸ்காரர்களைக் கண்டாலே கடுகடுக்கிற சர் ஜேம்ஸ் கிரிக்.

இப்படி ஒரு அவையில் போய் என்ன செய்ய முடியும்? காங்கிரஸுக்குள்ளேயே பலர் அதைத்தான் கேட்டார்கள். போக வேண்டாம், வெளியே போராடுவோம் என்றார்கள். சத்தியமூர்த்தி வெளியேயும் போராடி ஜெயிலுக்குப் போனவர்தான். ஆனால் உள்ளே ஒரு ஓட்டை இருப்பதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அதுதான் கேள்வி நேரம்.

துணைக் கேள்வி என்னும் ஆயுதம்

கேள்வி கேட்கும் உரிமை நமக்குச் சும்மா கிடைக்கலை. சட்டசபையில் கேள்வி கேட்கலாம் என்பதே 1892-ல்தான் வந்தது. பதில் வந்த பிறகு, கேட்டவர் இன்னொரு துணைக் கேள்வி கேட்கலாம் என்பது 1909-ல் வந்தது. யார் கேட்ட கேள்விக்கும் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்ற நிலை அதற்கும் பிறகுதான்.

முதல் கேள்விக்கு அதிகாரிகள் பதிலை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். துணைக் கேள்விக்கு எழுதிவைத்த பதில் கிடையாது. அங்கேதான் சத்தியமூர்த்தி எழுந்திருப்பார்.

ராணுவத்தையே எடுத்துக்குங்க. இந்தியர்களை அதிகாரிகளாகச் சேர்க்கிறோம் என்று அரசு பெருமையாகச் சொல்லும். டேராடூனில் 1932-ல் ராணுவ அகாடமியும் திறந்தாச்சு. வருஷத்துக்கு எத்தனை பேரை எடுப்பது திட்டம்? 60 பேர். பிரிட்டிஷ் அதிகாரிகள் எத்தனை பேர்? சில ஆயிரம். இப்போ வகுத்துப் பாருங்க. இந்த வேகத்தில் போனால் ராணுவம் நம்ம கைக்கு வர எத்தனை தலைமுறை ஆகும்? சின்னக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கை அவையில் அரசின் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் வித்தை. சேர்க்கை எண்ணிக்கையை ஏன் கூட்டவில்லை, எப்போது கூட்டுவீர்கள், தேதி சொல்ல முடியுமா, முடியாது என்றால் ஏன் முடியாது... ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வரும்.

அவர் கேள்விகள் குத்திய இடம் சரியானது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 1939-ல் போர் தொடங்கியபோதும் அந்தப் பெரிய ராணுவத்தில் இந்திய அதிகாரிகள் சில நூறு பேர்தான்.

சிப்பாய் வேலையிலும் இதே பாகுபாடுதான். சில சாதிகளும் சில பகுதிகளும்தான் வீரப் பரம்பரை என்று பிரிட்டிஷார் ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். பஞ்சாப் பக்கம் ஆள் எடுத்தார்கள். மெட்ராஸ் படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். அதாவது, பிறந்த ஊரே தகுதியில்லை என்று சொல்லி நம்ம பக்கத்துப் பையன்களுக்கு ஒரு வேலைவாய்ப்பின் கதவையே சாத்திவிட்டார்கள். போர் நெருக்கியபோதுதான் அந்தக் கதவு திரும்பத் திறந்தது. இன்றைக்கு அரூர் பையன் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான் என்றால், அவனுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு.

கொள்முதல் இன்னொரு பெரிய சண்டை. அரசுக்கும் ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் பொருள் வாங்க வேண்டும். துணி, தோல், இரும்பு, இயந்திரம் என்று பட்டியல் நீளும். இதையெல்லாம் இந்தியாவில் வாங்குவதா, லண்டனில் வாங்குவதா? 1922-லேயே இங்கே பொருள் வாங்க ஒரு தனித் துறை தொடங்கினார்கள். ஆனாலும் லண்டனில் இன்னொரு அலுவலகம் வாங்கிக்கொண்டே இருந்தது. இங்கே செய்யக்கூடிய பொருளை அங்கே ஏன் வாங்குறீங்க என்று இந்திய உறுப்பினர்கள் வருஷா வருஷம் கேட்டார்கள். அந்த வரிசையில் முன்னால் நின்றவர் சத்தியமூர்த்தி. அது வெறும் விலைப் பிரச்னை கிடையாது. ஆர்டர் எந்த ஊருக்குப் போகுதோ, வேலையும் அந்த ஊருக்குத்தான் போகும். படித்துவிட்டு வேலையில்லாமல் இளைஞர்கள் திரிந்த காலம் அது. கொள்முதலையும் வேலையின்மையையும் ஒரே முடிச்சாகப் பார்த்ததுதான் அன்றைய உறுப்பினர்களின் கூர்மை.

இப்படிக் கேட்பதற்குக் குரல் மட்டும் போதாது. பட்ஜெட் புத்தகம், கமிட்டி அறிக்கை, போன வருஷம் சொன்ன பதில் என்று எல்லாவற்றையும் படித்திருக்கணும். நம்ம காலத்துப் போட்டித் தேர்வு மாதிரிதான். அவருக்கு மட்டும் தினமும் தேர்வு.

நாற்காலி கிடைக்காதவர்

இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைத்தது? 1937-ல் மாகாணத் தேர்தல். சென்னையில் காங்கிரஸ் ஜெயித்தால் சத்தியமூர்த்திதான் பிரதமர் என்று பலர் நினைத்தார்கள். அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். ராஜாஜிக்காக அவர் தான் நிற்க வேண்டிய பல்கலைக்கழகத் தொகுதியை விட்டுக்கொடுத்தார். ராஜாஜி பிரதமரானார். சத்தியமூர்த்திக்கு அமைச்சர் பதவிகூட வரலை. திரும்பவும் டெல்லிக்குப் போய்க் கேள்வி கேட்டார்.

1939-ல் சென்னை மேயர் ஆனார். ஒரே வருஷம். அதற்குள் நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காகப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்தைப் பிடிவாதமாக நகர்த்தினார். 1940-ல் அடிக்கல் நாட்டி, 1944-ல் வேலை முடிந்தது. இன்றைக்கும் அது சத்தியமூர்த்தி சாகர். உங்க ஃப்ரெண்ட் சென்னையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தா, அவர் குடிக்கிற தண்ணியிலும் இந்த மனுஷர் இருக்கார்.

விருதுநகரிலிருந்து வந்த ஒரு தொண்டரைக் கூடவே வைத்து வளர்த்தார். அவர் காமராஜர். 1936-ல் சத்தியமூர்த்தி மாநிலக் காங்கிரஸ் தலைவர், காமராஜர் செயலாளர். 1940-ல் காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர். தான் வளர்த்த பையனுக்குக் கீழே வேலை செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்?

அதுக்காக அவரைத் தெய்வமாக்க வேண்டாம். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது, சத்தியமூர்த்தி எதிர்ப்பக்கம் நின்றார். கலை அழிந்துவிடும் என்பது அவர் வாதம். அந்தப் பெண்களின் வாழ்க்கை என்ன ஆவது என்ற துணைக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. பிறரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டவருக்கும் இப்படி ஒரு பார்க்காத பக்கம் இருந்தது.

காலியான இருக்கை

1939-ல் இந்திய மக்களைக் கேட்காமலேயே படைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், போரிலும் இந்தியாவைச் சேர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் காங்கிரஸ் உறுப்பினர்கள் மத்திய சட்டசபையை விட்டு வெளியே வந்தார்கள். இடையில் 1940 நவம்பரில் ஒருமுறை போய்ப் போர் வரி மசோதாவைத் தோற்கடித்தார்கள். வைஸ்ராய் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். பிறகு தனிநபர் சத்தியாகிரகம், ஜெயில். சத்தியமூர்த்தியும் உள்ளே போனார். ஜெயிலிலிருந்து மகள் லட்சுமிக்குக் கடிதங்கள் எழுதினார். அந்த லட்சுமிதான் பின்னாளில் வாசகர் வட்டம் என்ற பதிப்பகம் நடத்தி, நல்ல தமிழ்ப் புத்தகங்களை நமக்குக் கொடுத்தவர்.

நம்ம மொரப்பூர் தண்டவாளம் கழற்றப்பட்டது இந்த இடைவெளியில்தான். கேட்டிருந்தால் நின்றிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஏன் என்ற கேள்வி அவைக் குறிப்பில் ஏறியிருக்கும். பதில் சொல்ல ஒருவர் எழுந்து நின்றிருப்பார்.

1942 ஆகஸ்ட்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம். மறுபடியும் கைது. உடம்பு முடியாதவரைத் தூரத்தில் இருந்த அமராவதி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. சென்னை பொது மருத்துவமனைக்குத் திரும்பக் கொண்டுவந்தும் பலன் இல்லை. 1943 மார்ச் 28-ல் இறந்தார். வயது 55. சுதந்திரத்துக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. அவர் கட்டவைத்த அணையில் தண்ணீர் நிற்பதைக்கூட அவர் பார்க்கலை.

இப்போ உங்க போனை எடுங்க

சத்தியமூர்த்தி காலத்தில் இல்லாத எல்லாம் இன்று இருக்கு. 18 வயசானா ஓட்டு இருக்கு. ராணுவ பட்ஜெட்டின் மேலும் மக்களவை ஓட்டுப்போடுகிறது. அமைச்சர் அவைக்குக் கட்டுப்பட்டவர்.

மக்களவை நடக்கும் நாளில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். நேரில் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்தில் பதில் வரும் கேள்விகள் 230 வரை பட்டியலில் வரும். பதில்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கு. அரூர் சட்டமன்றத் தொகுதி, தர்மபுரி மக்களவைத் தொகுதிக்குள் வருது. உங்க எம்.பி இந்தக் கூட்டத்தொடரில் வேலைவாய்ப்பு பற்றி என்ன கேட்டார், ராணுவ ஆள்சேர்ப்பு பற்றி என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்று ரெண்டு ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் தெரிஞ்சுக்கலாம். கேட்கவே இல்லைன்னா, ஏன் கேட்கலைன்னு அவருக்கு நீங்க எழுதலாம். இல்லைன்னா 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி நீங்களே துறையைக் கேட்கலாம். 30 நாளில் அவங்க பதில் சொல்லணும்.

மொரப்பூர் - தர்மபுரி ரயிலுக்கு என்ன ஆச்சு? பல வருஷமாக ஊர்க்காரர்கள் கேட்டார்கள், எம்.பி-க்கள் மாறி மாறிக் கேட்டார்கள். 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் என்பது முதல் கேள்விக்கு வந்த பதில் மாதிரி.

அடுத்த முறை மொரப்பூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசிங்க. நம்ம துணைக் கேள்வி என்ன?