ககாரின்: விடை கிடைக்காத கடைசிப் பயணம்

விண்வெளிக்குச் சென்று திரும்பிய முதல் மனிதர் யூரி ககாரின் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவர் எவ்வாறு மறைந்தார் என்பது பலரும் அறியாதது. பூமியைச் சுற்றிவந்த அந்த மாவீரர், 1968 மார்ச் 27-ஆம் தேதி, சாதாரணப் பயிற்சி விமானம் ஒன்று காட்டில் விழுந்து நொறுங்கியதில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 34. போர் ஏதும் நடக்கவில்லை. எதிரி எவரும் சுடவில்லை.

ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலுள்ள குளூஷினோ கிராமத்தில் 1934 மார்ச் 9-ஆம் தேதி பிறந்தவர் ககாரின். தந்தை தச்சர், தாய் பால் பண்ணைத் தொழிலாளி. 1941-இல் ஜெர்மானியப் படைகள் அக்கிராமத்தைக் கைப்பற்றியபோது, அவர்களது வீடும் பறிபோனது. வீட்டின் பின்புறம் ஒரு மண்குடிலை அமைத்து, ஆக்கிரமிப்பு முடியும்வரை அக்குடும்பம் அதிலேயே ஒண்டிக் கிடந்தது. அண்ணனும் அக்காவும் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். சிறுவன் யூரிக்குப் பசியும் அச்சமும் பழகிப் போயின.

போருக்குப் பின் மாஸ்கோ அருகே லியூபெர்ட்சி நகரின் ஆலையில் வார்ப்புத் தொழில் பயின்றார். பின்னர் சரடோவ் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த விமானப் பயிற்சிக் கழகமே அவரது வாழ்வைத் திசைதிருப்பியது. ஓரென்பர்க் ராணுவ விமானப் பள்ளியில் பயிற்சி பெற்றபோது, விமானத்தைத் தரையிறக்குவது அவருக்குக் கடினமாக இருந்தது. ஐந்தேகால் அடிக்கும் குறைவான உயரமே அதற்குக் காரணம். இருக்கையில் ஒரு மெத்தையை வைத்து உட்கார்ந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. 1957-இல் தேர்ச்சி பெற்று, நார்வே எல்லையை ஒட்டிய லுவோஸ்தாரி தளத்தில் போர் விமானியானார். அதே உயரக் குறைவு, வோஸ்டாக் விண்கலத்தின் குறுகிய அறைக்குப் பொருத்தமானவராக அவரை ஆக்கியது.

1961 ஏப்ரல் 12-ஆம் தேதி, 27 வயதில், 108 நிமிடங்களில் பூமியை ஒரு முறை சுற்றித் திரும்பினார். அப்பயணம் அபாயமின்றி முடிந்துவிடவில்லை. பூமிக்குத் திரும்பும் வேளையில் விண்கலத்தின் கருவிப் பகுதி உரிய நேரத்தில் முழுமையாகப் பிரியாததால், கலம் சுழன்றபடியே வளிமண்டலத்தை நெருங்கியது. இணைப்புக் கம்பிகள் வெப்பத்தில் எரிந்து அறுந்த பின்னரே அது நிலைபெற்றது. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்திலிருந்து வெளியேறிய ககாரின், பாராசூட் மூலம் தனியே தரையிறங்கினார். விமானி தமது கலத்துடனேயே தரையிறங்க வேண்டும் என்பது அன்றைய சர்வதேசச் சாதனை விதி. ஆகவே, அவர் தனியே இறங்கிய உண்மையைச் சோவியத் அரசு பல ஆண்டுகள் மறைத்தது. பறந்தவரின் வீரத்துக்கு எந்தக் குறையும் நேராத ஒரு செய்தியைக்கூட வெளியிட அரசு அஞ்சியது.

அதன் பிறகு அவர் நாட்டின் நடமாடும் சின்னமானார். நாடு நாடாக அனுப்பப்பட்டார். 1961 இறுதியில் இந்தியாவுக்கும் வந்தார். புகழ் பெருகப் பெருக, அவருக்கு உயிரான பறத்தல் கைநழுவியது. ஈடு செய்ய இயலாத அந்த மனிதரை ஆபத்துக்கு உட்படுத்த மேலிடம் தயங்கியது. 1967 ஏப்ரலில் சோயுஸ்-1 விண்கலத்தின் பாராசூட் சரிவர விரியாததால் விளாதிமிர் கமரோவ் மாண்டார். அவருக்கு மாற்று வீரராக நின்றவர் ககாரின். நண்பரின் மரணத்துக்குப் பிறகு, விண்வெளிப் பயணத்துக்கான கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. விண்வெளி வீரர் பயிற்சி மையத்தின் துணைத் தலைவராக இருந்தவர், தாம் பறக்காமல் பிறருக்குப் பயிற்சியளிப்பது முறையன்று என்று கருதினார்.

1968 பிப்ரவரியில் ஷுகோவ்ஸ்கி விமானப்படைப் பொறியியல் கழகத்தில் பட்டம் பெற்றதும், மீண்டும் விமானியாகும் முயற்சியில் இறங்கினார். மார்ச் 27 காலை 10 மணி கடந்து, சக்காலோவ்ஸ்கி தளத்திலிருந்து இரட்டை இருக்கை மிக்-15 விமானத்தில் கிளம்பினார். உடனிருந்தவர் விளாதிமிர் செர்யோகின். இரண்டாம் உலகப் போரில் களம் கண்டு, சோவியத் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றவர். ககாரினைத் தனித்துப் பறக்க அனுமதிக்கும் முன் நடத்தப்பட்ட சோதனை அது. சில நிமிடங்களில் பயிற்சி முடிந்ததாகவும் தளத்துக்குத் திரும்புவதாகவும் வானொலியில் அறிவித்தார். அதன்பின் எந்தத் தகவலும் இல்லை. நோவோசெலோவோ கிராமத்தருகே காட்டில் விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன. இருவரின் அஸ்தியும் கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது.

விசாரணை விரிவாகவே நடந்தது. அறிக்கையோ பூட்டி வைக்கப்பட்டது. விடை இல்லாத இடத்தில் வதந்தி முளைத்தது: குடித்திருந்தார், அலட்சியம் காட்டினார், சதிக்குப் பலியானார் என்றெல்லாம் பேச்சு பரவியது. 43 ஆண்டுகள் கழித்து, 2011-இல் ஆவணங்களின் சாரம் வெளியானது. வானிலை ஆய்வு பலூனையோ மேகத் திரளையோ தவிர்க்க விமானத்தைச் சடுதியில் திருப்பியதே காரணமாக இருக்கலாம் என்றது அது. விசாரணைக் குழுவில் இடம்பெற்ற விண்வெளி வீரர் அலெக்ஸி லியோனோவ் இதை ஏற்கவில்லை. அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே பறந்த ஒரு சுகோய் விமானம் மிக அருகே கடந்ததால் ககாரினின் விமானம் நிலைகுலைந்தது என்று அவர் 2013-இல் பகிரங்கமாகக் கூறினார். விபத்தன்று அப்பகுதியில் இருந்த அவர் இரண்டு ஓசைகளைக் கேட்டார். இடைவெளி ஓரிரு விநாடிகளே. பல ஆண்டுகளுக்குப் பின் கோப்பைப் பார்த்தபோது, தம் பெயரிலான சாட்சியத்தில் அந்த இடைவெளி 15 முதல் 20 விநாடிகள் என்று வேறொருவர் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்ததாக அவர் தெரிவித்தார்.

விண்வெளிக்குச் செல்லும் முன் மனைவி வலெந்தினாவுக்கு ககாரின் ஒரு கடிதம் எழுதியிருந்தார். தாம் திரும்பாவிட்டால் இரு மகள்களையும் நல்லபடி வளர்க்கவும், விரும்பினால் மறுமணம் செய்துகொள்ளவும் அதில் கேட்டுக்கொண்டிருந்தார். பயணம் வெற்றியடைந்ததால் தேவைப்படாமற்போன அக்கடிதம், ஏழாண்டுகள் கழித்து விமான விபத்துக்குப் பிறகே அவர் கைக்குச் சேர்ந்தது. வலெந்தினா மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2020-இல் அவரும் மறைந்தார்.

போரில் மடியும் வீரரின் மரணத்துக்குக் காரணம் எவருக்கும் விளங்கும். அமைதிக் காலத்தில் விழும் விமானத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பழுதோ, பிழையோ, விதிமீறலோ, அது கண்டறியப்பட்டு வெளியே சொல்லப்பட்டால்தான் அடுத்துப் பறப்பவர் பிழைப்பார். ககாரினுக்குச் சிலைகள் எழுப்பப்பட்டன. அவர் வளர்ந்த கிசாட்ஸ்க் நகருக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்த மரியாதைகளில் எதையும் விட, அவருக்கும் உடன் மாண்ட செர்யோகினுக்கும் செலுத்தியிருக்க வேண்டிய முதல் கடன், நடந்ததை நடந்தபடி சொல்வதுதான். வலெந்தினாவின் வாழ்நாளுக்குள் அந்தக் கடன் தீரவில்லை.