தாய்க்குத் தமிழில் மருத்துவம் சொன்னவர்

1822ஆம் ஆண்டிலே தமிழுக்குத் தொண்டு செய்தற்கென இருவர் பிறந்தனர். ஒருவர் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர். மற்றவர் அமெரிக்க நாட்டின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, வூஸ்டர் நகரில் ஒக்டோபர் 10ஆந் திகதி பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். சமயத்தால் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள். கிறீன் கிறித்தவ மதத்தைப் பரப்ப வந்தவர். நாவலர் சைவத்தைக் காக்க எழுந்தவர். எனினும், மக்கள் பேசும் மொழியிற் சொல்லப்படாத கல்வி மக்களுக்கு உதவாது என்னும் உண்மையை இருவரும் ஒருங்கே உணர்ந்திருந்தனர். நாவலர் பாலபாடம் எழுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவினார். கிறீனோ அப்பிள்ளைகள் பிறக்குங்கால் தாயும் சேயும் பிழைத்திருப்பதற்கு வேண்டிய கல்வியைத் தமிழிலே தந்தார்.

குழந்தை வளர்ப்பைப் பற்றிய அறிவுரைக்கு இக்காலத்திற் பஞ்சமில்லை. பாட்டி ஒன்று சொல்கிறார். அயல்வீட்டார் வேறொன்று சொல்கின்றனர். கைத்தொலைபேசி நூறு சொல்கிறது. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று இளந்தாய் திகைக்கிறாள். அத்தகைய தாய்க்குக் கிறீனுடைய வாழ்க்கை நல்லதோர் அளவுகோல். ஆதலால் அதனை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

கிறீன் பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பத்திலே வளர்ந்தவர். அவருடைய தமையன் அன்ட்ரூ கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரை உருவாக்கியோருள் ஒருவராய்ப் பெயர் பெற்றார். தம்பியோ நியூயோர்க்கிலே மருத்துவம் கற்று, 1845இல் பட்டம் பெற்று, செல்வமும் புகழும் காத்திருந்த அந்நகரை விட்டுக் கப்பலேறினார். 1847ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

அதே 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மகப்பேற்று மருத்துவமனையொன்றிலே செமெல்வைஸ் என்னும் மருத்துவர், பிள்ளைப்பேறு பார்க்கச் செல்வோர் குளோரின் கலந்த நீரிலே கைகழுவிச் செல்லல் வேண்டும் என்று விதித்தார். பிரசவச் சுரத்தால் இறக்கும் தாய்மாரின் தொகை விரைவிற் குறைந்தது. ஆனால் நோய்க்குக் காரணம் கிருமி என்பதை உலகம் அன்று அறியாது. ஆதலின் அவர் சொல்லை மருத்துவர்கள் ஏற்கப் பல ஆண்டுகள் சென்றன. கிறீன் காலத்து மருத்துவம் எவ்வளவு இருளில் நின்றது என்பதற்கு இஃதொன்றே சான்று.

அவருக்கு முன்னரே அமெரிக்க மிஷன் மருத்துவர்கள் இக்குடாநாட்டுக்கு வந்திருந்தனர். 1820இல் பண்டத்தரிப்பிலே ஸ்கடர் மருத்துவப் பணி தொடங்கினார். அவருக்குப் பின் வட்டுக்கோட்டையில் வார்ட் என்பவர் பணிசெய்தார். கிறீனும் முதலில் வட்டுக்கோட்டையிலேயே தங்கி, 1848இல் மானிப்பாய்க்கு வந்தார். அங்கே நோயாளரைப் பார்த்ததோடு அமையாது, உள்ளூர் இளைஞர் சிலரைத் தெரிந்து மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார். தாம் ஒருவர் எத்தனை வீட்டுப் படியேற முடியும்? தம்மைப் போன்ற பலரை ஆக்கினாலன்றோ ஊர்தோறும் மருத்துவம் சென்றடையும்? இதுவே அவர் எண்ணம்.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. அதிலே ஒரு குறை விரைவில் வெளிப்பட்டது. ஆங்கிலத்தில் மருத்துவங் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றனர். கற்பித்தவர் கருதிய கிராமத்துத் தாயும் குழந்தையும் முன்னிருந்த நிலையிலேயே இருந்தனர். 1850களின் இறுதியில் தாயகம் சென்ற கிறீன், 1862இல் மணஞ்செய்து மனைவியோடு மானிப்பாய் மீண்டார். மீண்டதும், இனித் தமிழிலேயே கற்பிப்பது எனத் துணிந்தார். தம் மாணவர் மேனாட்டு உடையும் நடையும் மேற்கொள்வதையும் அவர் விரும்பவில்லை. மக்களோடு மக்களாய் வாழ்பவனே மக்களின் மருத்துவனாவான் என்பது அவர் கொள்கை. அவரிடம் கற்றுத் தேறியவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் முப்பத்து மூவர் தமிழிலேயே கற்றவர்கள்.

தமிழிற் கற்பிக்கத் தமிழ் நூல் வேண்டும். நூல் எழுதச் சொல் வேண்டும். அவ்விரண்டையும் கிறீனும் அவர்தம் மாணவரும் ஆக்கினர். ஒரு பொருளுக்குத் தமிழ்ச் சொல் உண்டாயின் அதனையே எடுப்பர். இல்லையேல் வடசொல்லை நாடுவர். அதுவும் வாயாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவர். இவ்வாறு உடலமைப்பையும் உடல்நலத்தையும் கூறும் நூல் 1852இல் வந்தது. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. நம் பொருளுக்கு மிக நெருங்கியது 1857இல் வெளிவந்த பிரசவ வைத்தியம் என்னும் நூல். டப்ளின் நகரத்து மவுன்செல் என்னும் மருத்துவர் எழுதிய நூலின் தமிழாக்கம் அது. வீட்டின் இருண்ட அறையொன்றிலே, மருத்துவிச்சியின் கைப்பழக்கத்தையும் தெய்வத்தின் துணையையுமே நம்பிப் பிள்ளை பெற்ற காலம் அது. அக்காலத்திலே கருப்பையின் அமைப்பையும் பேற்றின் படிகளையும் தமிழில் எழுத்தாக்கி வைத்தது சிறு செயலன்று.

1866, 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் குடாநாட்டைச் சூறையாடியது. மாண்டவர் ஆயிரக்கணக்கினர். கிறீனும் அவர்தம் மாணவரும் ஊரூராய் ஓடி உழைத்தனர். நோய்வந்தால் செய்யத்தக்கதைத் தமிழில் எளிதாய் எழுதி அச்சிட்டுப் பரப்பினர். கிறீனுடைய வீட்டிலும் குழந்தைகள் இருந்தனர். ஊரார் பிள்ளையின் நோய் தம் பிள்ளையையும் தொடக்கூடும் என்பதை அறிந்தே அவர் அவ்வீடுகளுள் நுழைந்தார்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. அக்காலத்து மருந்துகள் பல இன்று கைவிடப்பட்டன. வாந்திபேதிக் கிருமியைக் கொக் என்னும் அறிஞர் விளக்கிக் காட்டியது 1884ஆம் ஆண்டை ஒட்டியே. பேதியாற் குழந்தை இறப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றுவதால் என்பதும், அவற்றை வாய்வழியாகவே மீட்டுக் கொடுக்கலாம் என்பதும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் உறுதிப்பட்டன. 1971இல் வங்காளத்து அகதி முகாமொன்றிலே மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே எண்ணற்றோரைக் காத்தார். கிறீன் இன்றிருப்பின் தம் பழைய பிரசுரத்தைக் கிழித்துவிட்டு, இதனையே தமிழில் எழுதிப் பரப்புவார் என்பதில் ஐயமில்லை.

அவர் செய்யக்கூடிய அப்பணியை நாம் சிறிது செய்து பார்ப்போம். குழந்தைக்குப் பேதி கண்டால் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. கடைகளிற் கிடைக்கும் ஜீவனிப் பொதியை, அதிற் சொல்லியுள்ள அளவுப்படி கொதித்தாறிய நீரிற் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். அது கைக்கெட்டாதபோது ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுந்தால் தீங்காகும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிறு கழிந்தபின்னும் அரைக் கோப்பை அளவு, சிறிது சிறிதாகக் கரண்டியாற் புகட்டுக. கண் குழிந்தாலும், குடிக்க மறுத்தாலும், சோர்ந்து கிடந்தாலும், மலத்தில் இரத்தங் கண்டாலும் கைமருந்தோடு காத்திராது மருத்துவமனைக்கு விரைக. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே.

பிறந்த சிசுவின் தொப்புட்கொடி சுத்தமாகவும் ஈரமின்றியும் இருந்தாற் போதும். அதன்மேற் சாம்பல், எண்ணெய், மஞ்சள் எவையும் இடவேண்டா. முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலன்றி வேறுணவு எதுவும் வேண்டா, தண்ணீரும் வேண்டா. பிறந்த பிள்ளையின் நாவிலே தேன் தடவும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தேனிலே இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து சிசுவின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யவல்லது. ஆகையால் ஒரு வயது முடியுமட்டும் தேனைத் தவிர்க்க. கண்ணுக்கு இடும் மையிலும் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதனையும் விட்டுவிடுதல் நன்று.

நம் குடாநாட்டுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. இங்கே நிலத்தடியிற் கிடப்பது சுண்ணக்கல். மேலே கொட்டுவது விரைவிற் கிணற்றை அடையும். மலகூடத்துக் கசிவும், தோட்டங்களுக்கு இடும் உரமும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்று என்னும் உப்பைக் கூட்டியுள்ளன. கொதிக்கவைத்தாற் கிருமி சாகும். இந்த உப்போ போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகும். அந்நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்படும் சிசுவின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் வலிமையை இழந்து, உடல் நீலம் பாயக்கூடும். தவிர்க்கவியலாத காரணத்தாற் பால்மாக் கொடுக்கும் தாய்மார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுக் கிணற்று நீரைச் சோதிப்பித்தல் வேண்டும். தாய்ப்பாலுண்ணும் குழந்தைக்கு இக்கவலை இல்லை.

பழையன யாவும் தள்ளத்தக்கன என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கும் பத்தியக் கறி, முதற்பல் முளைத்தபோது அவிக்கும் பல்லுக்கொழுக்கட்டை ஆகியவை அன்பின் வடிவங்கள். கொழுக்கட்டையிற் பல்லாகப் பதிக்கும் தேங்காய்ச் சொட்டு மாத்திரம் குழந்தையின் வாய்க்குப் போகாமற் பார்த்துக்கொள்க. அதுவும் கச்சானும் சிறு பிள்ளையின் மூச்சுக்குழலை அடைத்துவிடும். தீங்கில்லாத வழக்கத்தைப் போற்றுக. தீங்குள்ளதை மட்டும் விடுக. ஊராரின் உடையையும் வாழ்க்கையையும் மாற்றாது மருத்துவத்தை மட்டும் மாற்ற முயன்ற கிறீனின் நெறியும் இதுவே.

உடல்நலங் குன்றிய கிறீன் 1873இல் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். திரும்பியும் தமிழை விட்டாரல்லர். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து கையெழுத்துப் படிகளைக் கப்பற் தபாலில் வாங்கித் திருத்தி அனுப்பினார். மனுஷ சுகரணம் என்னும் உடற்றொழில் நூல் 1883இல் வெளிவந்தது. மறுவருடம் மே மாதம் 28ஆந் திகதி அவர் காலமானார். தமது கல்லறையிலே, தமிழருக்கு மருத்துவ ஊழியஞ் செய்தவர் என்பது பொறிக்கப்படல் வேண்டுமென அவர் விரும்பினார். அவ்வாறே வூஸ்டர் நகரத்துக் கல்லறையிலே பொறிக்கப்பட்டது. மானிப்பாயிலே அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இருக்கிறது.

ஆனால் அவர் தொடங்கிய கல்வி தொடரவில்லை. 1870இல் கொழும்பிலே தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. 1978இல் யாழ்ப்பாணத்திலே மருத்துவ பீடம் அமைந்தபோதும் கற்பிக்கும் மொழி ஆங்கிலமே. உலகத்து மருத்துவ அறிவு நாள்தோறும் பெருகும் காலத்தில் அதற்கு நியாயமும் உண்டு. மருத்துவர் ஆங்கிலத்திற் கற்பது குற்றமன்று; தாய்க்கு விளங்காத மொழியிற் சொல்லி அனுப்புவதே குற்றம். இக்குறையை நம் நாட்டிலே பெரிதும் நிரப்பி வருபவர் குடும்பநல மருத்துவ மாதர். 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதித் திட்டத்தின் வழியாகப் பரவிய அச்சேவை, தாயின் வீட்டுக்கே சென்று அவள் மொழியிலேயே பேசுகிறது. ஈழத்திலே 1993க்குப் பின் இளம்பிள்ளைவாதம் காணப்படாமைக்கு ஊசியும் சொட்டுமருந்தும் மட்டும் காரணமல்ல. அவற்றை ஏன் போடவேண்டும் என்று வாசலில் நின்று தமிழிலும் சிங்களத்திலும் விளக்கியவர்களும் காரணம்.

ஆகவே, தாய்மாருக்கு நாம் கூறத்தக்க தலையாய அறிவுரை இது. மருந்துச் சீட்டைப் பெற்றவுடன் எழுந்து வரவேண்டா. எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர், நாளுக்கு எத்தனை முறை, எத்தனை நாள் என்பதைத் தமிழிலே கேளுங்கள். கேட்டதை அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். போத்தலின்மேல் தமிழிலே எழுதுவித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. மருந்தோடு வரும் அளவுக் கோப்பையாலேயே அளவுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைச் செல்லுமிடமெல்லாம் கொண்டு செல்லுங்கள். கேட்பதற்கு நாணவேண்டா. நீங்கள் கேட்கும் அந்தத் தமிழ்ச் சொற்களை ஆக்குவதற்காகவே, கடல் கடந்து வந்த ஒருவர் மானிப்பாயிலே தம் இளமையைச் செலவிட்டார்.