ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக்

ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக் (நவம்பர் 29, 1728 - ஜூன் 26, 1785) தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றிய தாவரவியலாளர் ஆவார். தென்னிந்தியத் தாவரங்களை லின்னேயஸின் வகைப்பாட்டு முறைப்படி ஆராய்ந்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். இவர் சேகரித்த கொட்டிச் செடியின் பெயர் வரலாறு, நீர்த்தாவரங்களை இனங்காண்பதில் மலரின் முதன்மையை உணர்த்துகிறது.

வாழ்க்கை

இன்றைய லாத்வியாவில் அடங்கும் பகுதியில் பிறந்தார். சுவீடனில் லின்னேயஸிடம் பயின்றார். 1764-65 இல் ஐஸ்லாந்தில் தாவரங்களைச் சேகரித்தார். 1768 இல் டேனிய-ஹாலே மறைபணிக் குழுவின் மருத்துவராகத் தரங்கம்பாடி வந்தார். 1774 இல் ஆற்காடு நவாபிடமும், 1778 முதல் இறக்கும் வரை கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கையியலாளராகப் பணிபுரிந்தார். இடையே சயாம், மலாக்கா ஆகிய இடங்களுக்கும் பயணம் செய்தார். காக்கிநாடா அருகே வயிற்றுக்கடுப்பால் காலமானார். இவருடைய குறிப்பேடுகள் ஜோசப் பேங்க்ஸைச் சென்றடைந்தன.

கொட்டியை இனங்காணல்

கொட்டி குளங்களில் வளரும் கிழங்குச் செடி. இதன் மிதக்கும் இலை நீள்வடிவமானது. அடிப்பகுதி பெரும்பாலும் இதய வடிவில் இருக்கும். மலர்கள் ஒரே கதிராக நீருக்கு மேலே நிற்கும். கோனிக்கின் சேகரிப்பைக் கொண்டு 1771 இல் இதனை விவரித்த லின்னேயஸ், மிளகுக்கு உறவான சௌரூரஸ் பேரினத்தில் சேர்த்து சௌரூரஸ் நேட்டன்ஸ் எனப் பெயரிட்டார். சௌரூரஸுக்கும் இதய வடிவ இலையும் கதிர் மஞ்சரியும் உண்டு.

ஆயினும் மலர்கள் வேறுபடுகின்றன. சௌரூரஸ் மலரில் இதழ்கள் இல்லை. கொட்டி மலரில் இதழ் போன்ற இரண்டு உறுப்புகளும் ஆறு மகரந்தத் தாள்களும் உள்ளன. மேலும் கொட்டி ஒருவித்திலைத் தாவரம், சௌரூரஸ் அவ்வாறன்று. லின்னேயஸின் மகன் 1782 இல் அப்போனோஜீட்டன் என்னும் தனிப் பேரினத்தை அமைத்து, கொட்டியை அதில் சேர்த்தார், இனப்பெயரையும் மாற்றினார். முதலில் இட்ட இனப்பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரப் பெயரிடல் விதி. அதன்படி 1906 இல் எங்லரும் கிரௌசவும் அப்போனோஜீட்டன் நேட்டன்ஸ் என்ற பெயரை நிறுவினர். அதுவே இன்றும் வழங்குகிறது.

நீர்த்தாவரங்களின் இலை வடிவம், நீரின் ஆழத்திற்கும் ஓட்டத்திற்கும் ஏற்ப மாறக்கூடியது. ஆகவே இலையை மட்டும் கொண்டு இனத்தை உறுதி செய்வது அரிது.

பெயரில் நினைவு

ஐஸ்லாந்தின் கோனிகியா பேரினத்திற்கு லின்னேயஸ் இவர் பெயரைச் சூட்டினார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரான முர்ராயா கோனிகீ என்பதிலும் இவரது பெயரே உள்ளது.