திரும்பிச் சென்ற போதகர்

வெளிநாட்டில் பாதுகாப்பாக இருக்க வழி கிடைத்தும், ஆபத்து நிறைந்த தன் நாட்டுக்கே திரும்பிய ஒரு போதகரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அவர் பெயர் டீட்ரிக் பொன்ஹோபர்.

அவர் 1906ஆம் ஆண்டு ஜேர்மனியில் பிறந்தார். தகப்பனார் பேர்பெற்ற மனநல மருத்துவர். மூத்த அண்ணன் இரசாயன விஞ்ஞானி. அப்படியான வீட்டில் இவர் இறையியலைத் தெரிந்துகொண்டு, 21 வயதிலேயே கலாநிதிப் பட்டம் பெற்றார். 1930இல் மேற்படிப்புக்காக நியூயோர்க் சென்றபோது, ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் சபையொன்றில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். நிறத்தின் பெயரால் மனிதர் படும் துன்பத்தை அங்கே கண்ணாரக் கண்டார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூதர்களை ஒடுக்கத் தொடங்கினான். சபைகளில் பலர் அவனை வரவேற்றார்கள், பலர் மௌனமாயிருந்தார்கள். பொன்ஹோபரோ திருச்சபையின் கடமைகள் மூன்று என்று எழுதினார். அரசு செய்வது நீதியா என்று அதனிடமே கேட்க வேண்டும். துன்பப்படுகிறவர் கிறிஸ்தவர் அல்லாதவராயினும் அவருக்கு உதவ வேண்டும். அதுவும் போதாதபோது, அநீதியின் சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டும்.

அதே ஆண்டு அவர் லண்டனுக்கு வந்து, அங்கு வாழ்ந்த ஜேர்மனியரின் இரு சபைகளுக்குப் போதகரானார். அவையும் எம்மைப் போல அந்நிய மண்ணில் தாய்மொழியில் ஆராதித்த சபைகளே. காந்தியடிகளிடம் சென்று கற்க விரும்பினார், அழைப்பும் கிடைத்தது. ஆனால் 1935இல் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க ஜேர்மனிக்குத் திரும்பினார். இரண்டு ஆண்டுகளில் இரகசியப் பொலிசார் அந்தப் பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டார்கள்.

1939 ஜூனில் நண்பர்கள் அவரை மீண்டும் அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். ஆனால் அவர் மனம் அமைதியடையவில்லை. தன் மக்களின் துன்பத்தில் பங்கெடுக்காவிட்டால், பின்னர் அவர்களைக் கட்டியெழுப்பத் தனக்கு உரிமையில்லை என்று எண்ணி, ஒரு மாதத்துக்குள் கப்பலேறிவிட்டார்.

அதன்பின் ஹிட்லரை எதிர்த்த இரகசியக் குழுவில் சேர்ந்தார். அக்குழு 14 பேரைச் சுவிற்சர்லாந்துக்குத் தப்பவைத்தது. ஹிட்லரைக் கொல்லவும் அது திட்டமிட்டது. கொலை பாவம் என்பது பொன்ஹோபருக்குத் தெரியும். சும்மா இருந்தால் அப்பாவிகளின் இரத்தப்பழி வரும், செயற்பட்டாலும் குற்றமே. அவர் தன்னை நீதிமானாகக் காட்டவில்லை. அந்தக் குற்றத்தைச் சுமந்து, தேவ இரக்கத்தை மட்டுமே நம்பினார்.

1943 ஏப்ரலில் கைதானார். சிறையில் பௌதிகவியல் நூலொன்றை வாசித்தபோது ஒன்றைத் தெளிவாக உணர்ந்தார். விஞ்ஞானம் இன்னும் விளக்காத இடங்களில் மட்டும் தேவனைத் தேடினால், அறிவு வளர வளர அவருக்கு இடம் குறைந்துகொண்டே போகும். நாம் அறிந்தவற்றிலும், எம் பலத்திலும், வாழ்வின் நடுவிலும் அவரைக் காண வேண்டும்.

1945 ஏப்ரல் 9ஆம் திகதி புளொசன்பேர்க் வதைமுகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. இரண்டு வாரங்களில் அமெரிக்கப் படை வந்து அந்த முகாமை விடுவித்தது.

பிள்ளைகளே, வகுப்பில் ஒருவரை எல்லோரும் ஒதுக்கும்போது அவர் பக்கத்தில் போய் இருங்கள். விஞ்ஞான பாடத்துக்குப் பயப்படாதீர்கள். பெற்றோரே, அந்த இரகசியக் குழுவில் பொன்ஹோபர் சேர்ந்தது சரியா என்று இன்றிரவு வீட்டில் பேசிப்பாருங்கள். விடை இலகுவாக வராது. ஆனாலும், எம் விசுவாசம் ஆலய வாசலோடு நின்றுவிடுவதில்லை என்பதைப் பிள்ளைகள் அந்தப் பேச்சிலேயே கற்றுக்கொள்வார்கள்.