ஆலிஸ் பால்: மருந்து பரவியது, பெயர் மறைந்தது

ஐந்தாம் படிவத்தில் வேதியியல் படித்தவர்களுக்கு எஸ்டர் சோதனை நினைவிருக்கும். ஆல்கஹாலையும் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் பழ வாசனை வரும். தேர்வுக்காக அந்தச் சமன்பாட்டை மனனம் செய்தவர்களில் நானும் ஒருத்தி. அதே வேதிவினையைக் கொண்டு தொழுநோயாளிகளின் துயரைக் குறைத்த ஒரு பெண்ணைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். அவர் பெயர் ஆலிஸ் பால்.

1892-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில், கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் ஆலிஸ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியல், மருந்தியல் என இரண்டு பட்டங்கள் பெற்றார். 1914-இல் தம் பேராசிரியருடன் இணைந்து அமெரிக்க வேதியியல் கழக இதழில் கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஹவாய் கல்லூரியில் வேதியியல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவரே. பின்னர் அங்கேயே வேதியியல் கற்பித்தார்.

அந்நாளில் ஹவாயில் தொழுநோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மொலோக்காய் தீவிலுள்ள கலாவ்பாப்பாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பலர் வீடு திரும்பவே இல்லை. ஓரளவு பலன் தந்த மருந்து, இந்தியாவிலும் சீனாவிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த சால்மூக்ரா எண்ணெய். சித்த மருத்துவம் சொல்லும் நீரடிமுத்தும் இந்த மர வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அந்த எண்ணெயைக் குடித்தால் குமட்டும். ஊசியில் ஏற்றினால் உடலில் கலக்காமல் தோலுக்கடியில் கட்டி கட்டியாகத் தங்கி வலிக்கும்.

இதற்கு வழி காண உதவுமாறு மருத்துவர் ஹாரி ஹால்மன் ஆலிஸிடம் கேட்டார். ஆலிஸ் எண்ணெயிலிருந்த கொழுப்பு அமிலங்களைப் பிரித்து, அவற்றை எத்தில் எஸ்டர்களாக மாற்றினார். உடல் ஏற்கக்கூடிய ஊசி மருந்து பிறந்தது. ஆனால், தம் கண்டுபிடிப்பை வெளியிடும் முன்பே நோயுற்ற அவர், 1916 டிசம்பர் 31-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 24.

ஆய்வைத் தொடர்ந்தவர் கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன். மருந்து பெருமளவில் தயாரானது. அடுத்த சில ஆண்டுகளில் 78 நோயாளிகள் மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஆனால் டீன் வெளியிட்ட கட்டுரைகளில் ஆலிஸின் பெயர் இல்லை. உலகம் அதை டீன் முறை என்றே அழைத்தது. 1922-இல் ஹால்மன் தம் கட்டுரையில் அதைப் பால் முறை என்று குறிப்பிட்டு, உண்மையைப் பதிவு செய்தார். அது எடுபடவில்லை. ஒரு பக்கம் கல்லூரியின் தலைவர், வெள்ளைக்கார ஆண். மறுபக்கம் இறந்துபோன இளம் கறுப்பினப் பெண். யாருடைய பெயர் நிற்கும் என்பதை அன்றைய உலகம் முன்பே முடிவு செய்திருந்தது.

1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வரும்வரை சால்மூக்ரா மருந்துகளே தொழுநோயாளிகளின் நம்பிக்கையாக இருந்தன. 1930-இல் திறக்கப்பட்ட நம் சுங்கை பூலோ குடியிருப்பிலும் இந்த எண்ணெய் பயன்பட்டது. ஆலிஸின் பங்களிப்போ, 1970-களில் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தேடிய பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. 2000-இல் அங்குள்ள சால்மூக்ரா மரத்தடியில் அவருக்கு நினைவுப் பலகை வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் குற்றவுணர்வு வந்தது. சென்ற பருவத்தில் எங்கள் குழுப் பணியின் கடினமான கணக்கீட்டைச் செய்தவர் சபாவிலிருந்து வந்த தோழி. தம் பேச்சுவழக்கைக் கேட்டுச் சிலர் சிரிப்பதால் அவர் வகுப்பில் வாய் திறப்பதில்லை. அதனால் நான் படைத்தேன். விரிவுரையாளர் என்னைப் பாராட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டேன். திருடியதாக அன்று தோன்றவே இல்லை. சும்மா இருந்தாலே போதும், ஒரு பெயர் மறைந்துவிடும் என்பதை ஆலிஸின் கதைதான் உணர்த்தியது.

தாமதமானாலும், விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதி அந்தக் கணக்கீடு யாருடையது என்று தெரிவித்தேன். தோழியிடமும் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த படைப்பில் அவர் பகுதியை அவரே பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். யாராவது சிரித்தால், இம்முறை நான் சும்மா இருக்கப் போவதில்லை.