பழக்கத் தளையறுத்த பாக்கிய ரெட்டி வர்மா

ஐதராபாத் மாநகரின் கிழக்குப் பகுதியாகிய உப்பல், நிஜாம் ஆட்சிக் காலத்தில் தனித்ததொரு சிற்றூர். அங்கிருந்து அம்பர்பேட்டை வழியாக நகரினுட் செல்லும் சாலை சாதர்காட்டை அடைகின்றது. ஆங்கே ஆதி இந்து பவன் என்னும் மனையை நிறுவிய பெருமகனாரைத் தெலுங்கு மக்கள் நன்கறிவர். தமிழ்ப் பௌத்தராகிய நாம் அறிந்ததோ சிறிது.

அவர் 1888 மே 22ஆம் நாள் ஐதராபாத்தில் மாலர் குலத்தில் தோன்றினார். மாதரி பாகய்யா என்பது பிள்ளைப் பெயர். அக்குலத்தாரே இந்நிலத்தின் பண்டை ஆட்சியர் எனக் கொண்ட குடும்பக் குரு, அரசன் எனப் பொருள்படும் ரேடு என்னும் சொல்லை ஒட்டி, ரெட்டி என்னும் பெயரை அளித்தார். 1913இல் ஆரிய சமாஜத்தார் வர்மா என்னும் பட்டம் சூட்டினர்.

1906இல், பதினெட்டாம் வயதில், ஜகன் மித்திர மண்டலியை நிறுவினார். எழுதப் படிக்க அறியாத மக்களிடம் துண்டுத் தாளைக் கொடுத்துப் பயனென்ன? ஆகவே ஹரிகதை வாயிலாக அறிவு புகட்டினார். 1911இல் அம்மண்டலி மான்ய சங்கமாயிற்று. மதுவை ஒழித்தல் அதன் பெருநோக்கங்களுள் ஒன்று.

அந்நாளைய மாலப்பள்ளிகளிற் கள்ளுண்டல் தனியொருவன் நாவின் ஆசை மாத்திரமன்று. மணப்பந்தலிற் கள், பிணம் எடுத்த வீட்டிற் கள், அம்மன் திருவிழாவிற் கள். வேண்டாமென்றவன் உறவை இகழ்ந்தவனாகக் கருதப்பட்டான். அரசாங்கமோ கலால் வரியாற் பெரும்பொருள் ஈட்டிற்று. இந்நிலையில் குடிப்பவனை மாத்திரம் கடிந்துரைத்தல் வீண் என்பதனை வர்மா கண்டார். சடங்கினின்று கள்ளைப் பிரிக்க வேண்டும்; பிரித்த இடத்தை வெறிதே விடாது நற்கதையாலும் நற்கூட்டத்தாலும் நிரப்ப வேண்டும்.

பரிசத்தினின்று வேதனையும், வேதனையினின்று தண்ஹையும் எழுதல் நாம் ஓதியறிந்த நிதானம். பழக்கம் உயிர்ப்பது பரிச வேளையிலே. கோசல மன்னன் பசேனதி பேருண்டியால் வருந்தியபோது, பகவான் அருளிய பாடலை உணவு வேளைதோறும் தன்னருகே ஓதுமாறு ஓர் இளைஞனை அமர்த்தினான். உணவும் படிப்படியாகக் குறைந்தது. விருந்து வேளையிலேயே மாற்றம் தேடிய வர்மாவின் வழியும் அதனோடு ஒத்ததேயாம்.

கள்ளினும் கொடியதொரு பழக்கத்தையும் அவர் கண்டார். தன்னைத் தாழ்ந்தவன் என்று தானே எண்ணும் பழக்கம் அது. தன்மதிப்பு இழந்தவனுக்குத் தெளிந்த அறிவினாற் பயன் யாது? கலயத்தைக் கைவிட அவனுக்குக் காரணம் வேண்டுமன்றோ! 1910இல் இசாமியா பஜாரிற் பள்ளி தொடங்கினார். நாளடைவில் அவர்தம் பள்ளிகள் 26 ஆயின. மாணாக்கர் ஏறத்தாழ 2,500 பேர். பின்னர் அரசாங்கமே அவற்றை ஏற்றது. 1917இல் பெசவாடாவிற் கூடிய பஞ்சமர் மாநாட்டில் தலைமை வகித்து, பஞ்சமர் என்னும் பெயரை நீக்கி ஆதி ஆந்திரர் என்று வழங்கச் செய்தார். அம்மாநாட்டுக்கு அஞ்சியோ வெறுத்தோ கனகதுர்க்கை கோயிலை மூன்று நாள் அடைத்தனராம். அடைத்தவர்க்கும் அது நீங்காப் பழக்கமே. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நிஜாம் அரசும் ஆதி இந்து என்னும் பெயரை ஏற்றது.

முறையாகத் திரிசரணம் ஏற்றவராக அவரைக் கூறுதற்கில்லை. ஆரிய சமாஜத்தாரோடும் பிரம்ம சமாஜத்தாரோடும் பழகியவர். ஆயினும் 1913இலேயே ஐதராபாத்திற் புத்தர் பிறந்தநாள் விழா எடுத்தார். பெசவாடா மாநாட்டுக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது அது. சுராமேரயம் விலக்கும் ஐந்தாம் சீலத்தைத் தம் மக்களிடையே செயலில் நாட்ட முயன்றவருக்கு அவ்விழா பொருத்தமே. மகனுக்குக் கௌதமன் என்று பெயரிட்டார். 1937இல் மீண்டும் அவ்விழாவை நடத்தினார். 1939 பிப்ரவரி 18ஆம் நாள், ஐம்பதாம் வயதில், உயிர் நீத்தார்.