பிள்ளைகளுக்குப் பாடிய கவிமணி

தமிழகத்தின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாஞ்சில் நாடு என்னும் வளமிக்க பகுதி உள்ளது. வயலும் குளமும் நிறைந்த அந்நாட்டின் தேரூரில், 1876ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தையார் சிவதாணுப் பிள்ளை. தாயார் ஆதிலட்சுமி அம்மையார். ஒன்பதாம் வயதிலேயே அவர் தந்தையை இழந்தார்.

அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. ஆகவே, வீட்டில் தமிழ் பேசிய அச்சிறுவர் பள்ளியில் மலையாளம் கற்க நேர்ந்தது. தாய்மொழியை முறையாகக் கற்க வேறு வழி தேட வேண்டியிருந்தது. தேரூரை அடுத்த வாணன்திட்டில் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த மடம் ஒன்று இருந்தது. அங்கு வாழ்ந்த சாந்தலிங்கத் தம்பிரான் என்னும் துறவி அவருக்குத் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்பித்தார். பள்ளியில் கிடைக்காத அந்தத் தமிழே பின்னாளில் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

கல்வி முடிந்ததும் அவர் ஆசிரியரானார். 1901ஆம் ஆண்டு புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையை மணந்தார். கோட்டாற்றில் தொடக்கப் பள்ளியிலும், நாகர்கோவிலில் ஆசிரியப் பயிற்சி தரும் போதனாமுறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியிலும் பணியாற்றினார். ஏறத்தாழ 36 ஆண்டுகள் கற்பித்து, 1931ஆம் ஆண்டு ஓய்வு பெற்றுப் புத்தேரியில் தங்கினார்.

பெரும்புலவர்கள் கற்றோருக்கென்றே கடினமான செய்யுள் இயற்றிய காலம் அது. தேசிக விநாயகம் பிள்ளையோ எழுத்தறியாச் சிறு குழந்தைகளுக்காகவும் பாடினார். குழந்தைக்கு முதலில் அறிமுகமாகும் உயிர்களையே அவர் பாட்டுக்குள் அழைத்து வந்தார். பசுவும் கன்றும், கிளி, கோழி, காக்கை ஆகியவை அவர் பாடல்களில் உலவுகின்றன. தாய்ப்பசுவும் அதன் கன்றும் ஒன்றன்மீது ஒன்று காட்டும் அன்பைப் பாடிய அவரது பாடல், பள்ளி செல்லும் முன்பே தமிழ்க் குழந்தைகள் பலர் மனப்பாடமாகச் சொல்லும் பாடலாயிற்று.

இத்தகைய பாடல்களின் பயன் பெரிது. அடிகள் சிறியவை, சொற்கள் எளியவை, ஓசை மீண்டும் மீண்டும் வரும். ஆசிரியர் பாடக் குழந்தை முதலில் கேட்கிறது. பிறகு கன்றைப் போலத் துள்ளுகிறது. கோழியைப் போலக் கூவுகிறது. ஆட்டத்தின் ஊடே சொல்லும் பொருளும் தாமாகவே மனத்தில் பதிகின்றன. நாவுக்கும் இது நல்ல பயிற்சி. வால் என்னும் சொல்லில் லகரமும், கிளி என்னும் சொல்லில் ளகரமும், கோழி என்னும் சொல்லில் ழகரமும் வருகின்றன. பிறமொழி பேசுவோர் நடுவே வளரும் குழந்தைகள் தடுமாறும் ஒலிகள் இவையே. இலக்கண விதி கூறாமலே பாடல் இவற்றை நாவில் பழக்கிவிடுகிறது.

அவர் பெரியோருக்கும் பல நூல்கள் தந்தார். எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் பாடிய புத்தர் வரலாற்றைத் தழுவி 'ஆசிய ஜோதி' இயற்றினார். பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களையும் தமிழில் தந்தார். கல்வெட்டு ஆய்விலும் ஈடுபட்டார். அவருடைய 'மலரும் மாலையும்' என்னும் தொகுப்பில் குழந்தைப் பாடல்களும் இடம்பெற்றன. 1940ஆம் ஆண்டு சென்னையில் அவருக்குக் 'கவிமணி' என்னும் பட்டம் வழங்கப்பட்டது.

கவிமணி 1954ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் மறைந்தார். ஈராண்டுகளுக்குப் பின், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அவர் பிறந்த பகுதி தமிழர் மாநிலத்துடன் இணைந்தது. அந்நாளைக் காண அவர் இல்லை. ஆயினும், பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பின்றி வளர்ந்த அவருடைய பாடல்கள் பிற்காலத்தில் தமிழ்ப் பள்ளிகளின் பாடநூல்களில் இடம்பெற்றன. இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

அந்தமான் கடலிலும் ஒரு பசு மேய்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மாநில விலங்காகிய கடற்பசுவே அது. கடலடியில் வளரும் புல்லைத் தின்று வாழும் அவ்விலங்கு, தன் கன்றுக்குப் பாலூட்டி அதனை அருகிலேயே வைத்துக் காக்கிறது. வயல்வெளியில் கவிமணி கண்ட தாய்மையை இத்தீவுகளின் குழந்தைகள் கடலிலும் காணலாம்.

சொற்பொருள்
தென்கோடி – தெற்கு எல்லை
இயற்றுதல் – நூல் அல்லது செய்யுள் ஆக்குதல்
உலவுதல் – நடமாடுதல்
தழுவி – பின்பற்றி

பயிற்சி
1. தேசிக விநாயகம் பிள்ளை தமிழை யாரிடம், எங்குக் கற்றார்?
2. விலங்கு, பறவைப் பாடல்கள் சிறு குழந்தைகளுக்கு எவ்வாறு பயன்படுகின்றன?
3. பிரித்து எழுதுக: கடற்பசு, பெரும்புகழ்.
4. ல, ள, ழ வரும் விலங்கு அல்லது பறவைப் பெயர்களை வகைக்கு இரண்டாக எழுதுக.
5. கடற்பசுவும் அதன் கன்றும் பற்றி நான்கு அடிகளில் ஒரு பாடல் எழுதி, வீட்டிலுள்ள சிறு குழந்தைக்குப் பாடிக் காட்டுக.